ஏடு காக்கும் சிறுபொறி: இல்லத்தில் ஒரு கோப்பு வழங்கி

முன்னுரை

ஓலைச்சுவடிக்கு வாழ்நாள் வரையறை உண்டு. செல்லும் பூச்சியும் ஈரமும் சில நூற்றாண்டுகளுக்குள் அதனை அழித்துவிடும். ஆதலின், பழைய ஏடு சிதையும் முன்னரே புதிய ஏட்டில் படியெடுத்து வைப்பதைத் தம் கடமையாகக் கொண்டனர் நம் முன்னோர். சங்க நூல்கள் அச்சேறும் நாள்வரை நிலைத்திருந்தமைக்கு இப்பழக்கமே காரணம். படியெடுப்பார் இல்லாத நூல்களுள் சில பெயரளவில் நின்றன. பல பெயரும் இன்றி மறைந்தன.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கமே இதற்குச் சான்றாக அமைகிறது. இன்று அறியப்படும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் பல்சந்தமாலை முழுமையாகக் கிடைக்கவில்லை. களவியற்காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்களே நம் கைக்கு எட்டியுள்ளன. மூலச்சுவடி அழிந்தது; வேறோர் ஏட்டில் வேறொருவர் எழுதி வைத்த சிறு பகுதி பிழைத்தது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் நூல் எந்நாளும் இழப்பின் விளிம்பிலேயே நிற்கிறது என்பதை இஃது உணர்த்தும்.

இக்கருத்தை மனத்திற்கொண்டு, குறைந்த செலவில் இல்லத்திலோ கல்லூரித் துறையிலோ அமைக்கத்தக்க கோப்பு வழங்கி என்னும் கருவியின் இயல்பையும், அதனை அமைக்கும் முறையையும், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியினர்க்கு அதனால் விளையும் பயனையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காக்கப்பட வேண்டியவை

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி இது. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளி என்னும் பெயரால் அழைக்கப்பெறினும், தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்தம் வழிவழிக் கூற்று. அவர்களுடைய பாட்டும் கதையும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வருவன.

1980களிலும் 1990களிலும் தமிழ்த்துறைகளில் நாட்டுப்புறவியல் ஆய்வு செழித்தது. எம்.ஃபில். பட்டத்திற்குப் பயின்ற மாணவர் பலர் ஊர் ஊராகச் சென்று தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப்பாட்டு, விடுகதை, பழமொழி முதலியவற்றைத் தொகுத்துத் தம் ஆய்வேடுகளில் பின்னிணைப்பாகச் சேர்த்தனர். அவ்வேடுகள் தட்டச்சில் ஒரு சில படிகளே எடுக்கப்பெற்றவை. பாடியவருள் பலர் இன்று இலர். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி எம்.ஃபில். படிப்பும் நிறுத்தப்பட்டது. சோத்கங்கா என்னும் தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இடம்பெறுவன பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளே. எனவே, ஒரு துறையின் அலமாரியில் தூசு படிந்திருக்கும் எம்.ஃபில். ஏடு, சில பாடல்களுக்கு உலகிலுள்ள ஒரே சான்றாக இருத்தல் கூடும்.

ஆய்வேடுகளோடு, களப்பணியில் பதிவு செய்த ஒலிநாடாக்கள், பழைய ஆண்டு மலர்கள், கல்லூரி விழாப் புகைப்படங்கள் ஆகியனவும் காக்கற்பாலன. இல்லங்களிலோ எனில், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள், பாட்டனார் காலத்து அச்சு நூல்கள், கடல்கடந்து சென்றோர் எழுதிய கடிதங்கள், நிலப் பத்திரங்கள் எனப் பலவும் பெட்டிகளில் உறங்குகின்றன. இவற்றை ஸ்கேன் செய்து கோப்புகளாக்குவது முதற்பணி. அக்கோப்புகளை எங்கே வைப்பது என்னும் வினாவிற்கு விடையாக வருவதே வழங்கி.

கோப்பு வழங்கி என்பது யாது?

நூலகத்தில் நூல் வழங்குமிடம் ஒன்று உண்டு. படிப்போர் பலர், நூல் இருக்குமிடம் ஒன்று, கேட்பார்க்கு எடுத்துத் தருவார் ஒருவர். ஃபைல் சர்வர் எனப்படும் கோப்பு வழங்கி ஆற்றும் பணியும் இதுவே. எப்பொழுதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, தன்னுடன் இணைந்த வன்தட்டில் கோப்புகளைச் சேமித்து வைத்து, அவ்வில்லத்திலுள்ள பிற கணினிகளும் கைப்பேசிகளும் கேட்குந்தோறும் எடுத்து வழங்குகிறது.

ஈண்டு ஒரு தெளிவு தேவை. வைஃபை இருப்பதும் இணையம் இருப்பதும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். அவை வேறு வேறு. ரௌட்டர் எனப்படும் சிறு பெட்டி, ஒரு கூரையின் கீழுள்ள கருவிகளைத் தம்முள் இணைக்கிறது. வெளியுலகிற்கான இணையம் அற்றுப்போயினும் அவ்வுள் இணைப்பு அறாது. ஆகவே, இணையக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டிலும், அலைவரிசை எட்டாத மலைச்சிற்றூரிலும் வழங்கி தடையின்றி இயங்கும்.

பென் டிரைவ் இருக்க இஃது எதற்கு என வினவலாம். பென் டிரைவ் கைமாறும்; தொலையும்; ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு திருத்தங்களோடு திரியும். எது இறுதிப் படி என்னும் ஐயம் பதிப்பாசிரியர்க்கு ஏற்படும் பாடவேறுபாட்டுச் சிக்கலைப் போன்றதாகிவிடும். வழங்கியில் மூலம் ஒன்றே. அதனைக் காண்பவர் பலர்.

ஒற்றைப்பலகைக் கணினி

செயலி, நினைவகம், இணைப்பு வாய்கள் அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமையப்பெற்ற கணினி, ஒற்றைப்பலகைக் கணினி எனப்படும். இவ்வகையில் உலகறிந்தது ராஸ்பெரி பை. இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில், பள்ளி மாணவர் குறைந்த விலையில் கணினி நிரலாக்கம் பயிலவேண்டும் என்னும் நோக்குடன் உருவாக்கப்பெற்று, 2012 பிப்ரவரி 29-இல் 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ ஓர் அடையாள அட்டையின் நீள அகலமே கொண்டது.

கோப்பு வழங்கிக்கு 2019-இல் வந்த நான்காம் பதிப்பு போதுமானது. இதற்கு முந்திய மூன்றாம் பதிப்பின் முதல் வடிவத்தில், கம்பிவழி இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் அளவே செல்லும். அதாவது, நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட். நான்காம் பதிப்பில் அது பத்து மடங்கு. 500 மெகாபைட் அளவுள்ள ஒரு நூலை முன்னையது முக்கால் நிமிடத்திலும், பின்னையது ஐந்தாறு நொடிகளிலும் வழங்கும். 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் ஆற்றல் மிக்கது. எனினும், கோப்பு வழங்கும் எளிய பணிக்கு அஃது இன்றியமையாததன்று.

2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியமையால் இப்பலகைகளின் விலையும் ஏறியது. ஆதலால், மிகுந்த நினைவகம் உள்ளதை நாடாமல் 1 அல்லது 2 ஜி.பி. நினைவகம் உள்ளதை வாங்குவதே சிக்கனம்.

பலகை வாங்கவும் இயலாதார்க்கு வேறொரு வழி உண்டு. தமிழக அரசு 2011 செப்டம்பர் முதல் பல ஆண்டுகள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றுள் பல இன்று பயன்பாடின்றிப் பரணில் கிடக்கின்றன. திரை பழுதுற்றாலும் செயலி இயங்குமாயின், அம்மடிக்கணினியையே வழங்கியாக்கலாம். மின்சாரம் சற்று மிகுதியாகச் செலவாகும். ஆனால், அதன் பேட்டரி நல்ல நிலையிலிருப்பின் மின்தடையின்போது அதுவே காப்பாக அமையும்.

தேவையான பொருள்கள்

1. ஒற்றைப்பலகைக் கணினி ஒன்று. வெப்பம் தணிக்கும் உலோகத் தகடுடன் கூடிய உறை.
2. 5 வோல்ட், 3 ஆம்பியர் மின்சாரம் தரும் தரமான அடாப்டர். கைப்பேசிச் சார்ஜர் பல வேளைகளில் போதாது. மின்னழுத்தம் குறையின் கோப்புகள் பழுதாகும்.
3. 32 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்று. இதில் இயங்குதளம் மட்டுமே இருத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் எழுதினால் இவ்வட்டை விரைவில் தேயும். எனவே ஆய்வேடுகளை இதில் வைத்தலாகாது.
4. 1 டி.பி. அளவுள்ள எஸ்.எஸ்.டி. அல்லது வன்தட்டு ஒன்று. நான்காம் பதிப்பின் யு.எஸ்.பி. வாய்கள் நான்கும் சேர்ந்து தரும் மின்சாரம் 1.2 ஆம்பியர் அளவே. சுழலும் வன்தட்டுகள் இரண்டினை இணைப்பதாயின், தனி மின்னிணைப்புள்ள யு.எஸ்.பி. ஹப் வேண்டும்.
5. ரௌட்டரும், அதனைப் பலகையோடு இணைக்கும் லேன் கேபிளும்.

1 டி.பி. இடத்தில் எவ்வளவு அடங்கும்? ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் 26 மெகாபைட் ஆகும். ஜேபெக் முறையில் சுருக்கினால் இரண்டு, மூன்று மெகாபைட்டில் அடங்கும். 200 பக்க ஆய்வேடு ஏறத்தாழ 500 மெகாபைட். அத்தகையன 2000 ஏடுகள் ஒரு வன்தட்டில் அமையும். 60 நிமிட ஒலிநாடா ஒன்றினைச் சுருக்காத ஒலிக்கோப்பாக மாற்றினால் ஏறத்தாழ 600 மெகாபைட் ஆகும். ஒரு துறையின் முழு அலமாரியும் உள்ளங்கையில் அடங்கும் எனல் மிகையன்று.

மின்செலவும் சிறிதே. பலகையும் வன்தட்டும் சேர்ந்து 7 வாட் கொள்வதாகக் கணக்கிட்டால், இரவும் பகலும் இயங்கினும் மாதத்திற்கு 5 யூனிட்தான். 60 வாட் கொள்ளும் மேசைக்கணினியை அவ்வாறு இயக்கின் 43 யூனிட் ஆகும்.

அமைக்கும் முறை

முதற்கண், வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்னும் செயலியை நிறுவி, அதன் வாயிலாக ராஸ்பெரி பை இயங்குதளத்தின் லைட் வடிவத்தை மைக்ரோ எஸ்.டி. அட்டையில் எழுதவேண்டும். எழுதும் முன்னரே வழங்கியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் குறித்துவிடலாம். தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்.எஸ்.எச். வசதியையும் அப்பொழுதே இயக்கிவிட்டால், பலகைக்குத் திரையோ விசைப்பலகையோ தேவைப்படாது.

அடுத்து, அட்டையைப் பலகையில் செருகி, லேன் கேபிளால் ரௌட்டருடன் இணைத்து மின்சாரம் தருதல் வேண்டும். வன்தட்டை நீலநிற யு.எஸ்.பி. 3.0 வாயில் பொருத்துக. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இப்பலகைக்கென ஒரு நிலையான எண் முகவரியை ஒதுக்குதல் நன்று. இல்லையேல், முகவரி நாளுக்கு நாள் மாறித் தேடவேண்டிய நிலை வரும்.

மூன்றாவதாக, வன்தட்டை எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமையில் வடிவமைக்கவேண்டும். இவ்வாறு செய்யின் அதிலிருந்த பழைய கோப்புகள் அனைத்தும் அழியும். ஆதலின் வெற்றுத் தட்டையே பயன்படுத்துக. பின்னர், பலகை இயங்கத் தொடங்குந்தோறும் வன்தட்டும் தானே இணையுமாறு அதன் தனியடையாள எண்ணைப் பதிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, சாம்பா என்னும் மென்பொருளை நிறுவுதல். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் 1992-இல் தொடங்கிய இக்கட்டற்ற மென்பொருள், விண்டோஸ் கணினிகள் பேசும் கோப்புப் பகிர்வு மொழியை லினக்ஸ் கணினிக்கும் கற்பிக்கிறது. எந்த அடைவைப் பகிர்வது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பனவற்றை அதன் அமைப்புக் கோப்பில் குறிக்கவேண்டும். மாணவர்க்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள கணக்கும், பொறுப்பாசிரியர்க்கு எழுதும் உரிமையுள்ள கணக்கும் எனப் பிரித்தல் இன்றியமையாதது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய அஞ்சுவோர், ஓப்பன்மீடியாவால்ட் என்னும் மென்பொருளை நிறுவிக்கொண்டால், இப்பணிகள் அனைத்தையும் உலாவியில் பொத்தான்களை அழுத்தியே முடிக்கலாம்.

இப்பணிகளில் வழிகாட்ட நம் தாய்மாவட்டத்திலேயே ஓர் அமைப்பு உண்டு. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு, ஊரக மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கற்பித்து வருகிறது. தமிழில் கற்க விரும்புவோர்க்குக் கணியம் இதழின் கட்டுரைகள் பெரிதும் உதவும்.

தமிழ்க் கோப்புகளின் தனிச்சிக்கல்

1990களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கையாண்டது. 1999-இல் டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு செய்யப்பெற்ற மலர்களின் கோப்புகளை இன்று திறப்பின், பொருளற்ற குறிகளே தோன்றும். கோப்பு அழியவில்லை; அதனைப் படிக்கும் திறவுகோல் மறைந்தது. ஆகவே, பழைய கோப்பு, அதற்குரிய எழுத்துரு, ஒருங்குறிக்கு மாற்றிய பாடம், பக்கத் தோற்றம் மாறாத பி.டி.எஃப். ஆகிய நான்கினையும் ஒரே அடைவில் வைத்தல் வேண்டும்.

கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்குமாயின் வரிசை தானே அமையும். களப்பணிக் கோப்புகளுக்குப் பாடியவர் ஊர், பதிவு செய்த நாள், தொகுத்தவர் பெயர் ஆகியன அடங்கிய ஒரு குறிப்புக் கோப்பும் உடனிருத்தல் வேண்டும். யார், எங்கே, எப்பொழுது பாடியது என்றறியாத பாட்டு ஆய்வாளர்க்குப் பாதிப் பயனே தரும்.

காவலும் படியெடுப்பும்

வழங்கியை அமைத்த அளவில் கோப்புகள் காக்கப்பட்டன எனக் கருதுதல் கூடாது. வன்தட்டு ஒருநாள் நின்றுபோகும். இடி மின்னலில் கருகும். கள்வர் கைக்குச் செல்லும். இரு தட்டுகளில் ஒருசேர எழுதும் ரெய்டு முறையும் முழுக் காவலாகாது. ஒரு தட்டு பழுதுற்றால் அது கைகொடுக்கும். தவறி ஒரு கோப்பை அழித்தாலோ இரண்டிலும் அழியும்.

இதற்கு அறிஞர் கூறும் நெறி எளிது: படிகள் மூன்று; வைக்கும் சாதன வகைகள் இரண்டு; அவற்றுள் ஒரு படியேனும் வேறு ஊரில். வழங்கியிலிருப்பது முதற்படி. வாரந்தோறும் ஆர்சிங்க் என்னும் மென்பொருளால் மற்றொரு தட்டில் எடுத்து, இணைப்பைத் துண்டித்து, பூட்டிய அலமாரியில் வைப்பது இரண்டாம் படி. மூன்றாம் படி சங்கராபுரத்திலோ திருக்கோவிலூரிலோ நம்பிக்கைக்குரியார் ஒருவரிடம் இருக்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அடுத்த ஊரில் படி இருந்த நூலை மீட்க முடிந்தது. ஒரே படியாக இருந்தது என்றென்றைக்கும் போயிற்று. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இலங்கைத் தமிழ் மின்னூலக முயற்சி, அவ்விழப்பின் பாடத்தை உணர்ந்த தன்னார்வலர்களின் கைவண்ணமாகும்.

படி எடுத்தால் மட்டும் போதாது. ஒப்பு நோக்கவும் வேண்டும். ஏடெழுதியோர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை நீக்கியதைப் போன்று, எஸ்.எச்.ஏ. 256 என்னும் கணக்கீட்டால் ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் அடையாளக் குறியைப் பெறலாம். இரு படிகளின் குறிகளும் ஒத்திருப்பின் ஓர் எழுத்தும் மாறவில்லை எனத் துணியலாம்.

பாதுகாப்பு குறித்து மூன்று எச்சரிக்கைகள் உள. ஒன்று, வழங்கியை வெளி இணையத்திற்குத் திறந்துவிடலாகாது. 2017 மே மாதத்தில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், விண்டோசின் பழைய கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஓட்டை வழியாகவே பரவியது. இரண்டு, மின்கம்பியைத் திடீரெனப் பிடுங்காமல், முறைப்படி நிறுத்தக் கட்டளை தரவேண்டும். வழங்கியையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தல் நலம். மூன்று, நிலப் பத்திரம், சான்றிதழ், குடும்பக் கடிதம் முதலியவற்றைப் பொதுப் பகிர்வில் வைக்காமல் தனிக் கடவுச்சொல்லால் காக்கவேண்டும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். ஆய்வேட்டின் பதிப்புரிமை பொதுவாக ஆய்வாளருடையது. அவர் வாழ்நாளும், மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். எனினும், வணிக நோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக் கருதி மின்வடிவில் சேமிக்க, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. பலர்க்கும் வழங்குவதாயின் ஆய்வாளரின் இசைவைப் பெறுதலே முறை. பழைய மாணவர் சங்கம் இதில் துணை நிற்கலாம்.

மலைக்கு ஆகும் பயன்

கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. கொரோனாக் காலத்தில் பாடம் இணையவழி சென்றபோது, அலைவரிசை எட்டாத மலைச்சிற்றூர் மாணவர் பெரிதும் இடர்ப்பட்டனர். இத்தகைய இடங்களுக்கு வழங்கி ஒரு நூலகமாகவே அமையும். கிவிக்ஸ் என்னும் மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமின்றிப் படிக்கத் தருகிறது. கொலிப்ரி என்னும் மென்பொருள், பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் அவ்வாறே வழங்குகிறது. உலகின் பல நாடுகளில் இணையமில்லாப் பள்ளிகள் இதனை ராஸ்பெரி பையில் நிறுவிப் பயன்படுத்துகின்றன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தொகுத்துள்ள தமிழ் இலக்கியங்களையும் உடன் சேர்க்கலாம்.

நம் துறைகள் கருதவேண்டிய கடன் ஒன்றும் இதில் அடங்கியுள்ளது. மலையேறிச் சென்ற ஆய்வாளர், அம்மக்களின் பாட்டையும் கதையையும் பெற்றுவந்து பட்டம் பெற்றனர். பாடியவரின் பேரப்பிள்ளைகள் அவ்வேட்டைக் கண்டதில்லை. நாடாவிலுள்ள பாட்டியின் குரலைக் கேட்டதும் இல்லை. வேறு ஊரில் இருக்கவேண்டிய மூன்றாம் படியை வெள்ளிமலைப் பகுதிப் பள்ளி ஒன்றில், உரியோர் இசைவுடன், சிறு வழங்கியாக நிறுவின் இரு பயன் விளையும். கோப்புகளுக்குக் காவல் கிடைக்கும். மலையினின்று பெற்ற பாடல் மலைக்கே திரும்பும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உள்ளங்கையளவு பலகையும் ஒரு வன்தட்டும் கொண்டு, மாதம் 5 யூனிட் மின்சாரத்தில், இணையம் இன்றியும் இயங்கும் கோப்பு வழங்கியை எளிய குடும்பத்தினரும் அமைக்கலாம் என்பதும், படிகள் மூன்றினை வெவ்வேறிடங்களில் வைத்தாலன்றி அக்காவல் நிறைவுறாது என்பதும் பெறப்பட்டன. பொறி சில ஆண்டுகளில் பழையதாகும், புதியது வரும். அப்பொழுதும் கோப்புகளை அதற்கு மாற்றிப் படியெடுப்பார் ஒருவர் வேண்டும்.

ஆதலின், துறைதோறும் ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் இப்பொறுப்பை ஏற்று, ஆண்டுதோறும் அடுத்த அணியினர்க்குக் கணக்கோடு ஒப்படைத்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர் தம் இல்லத்துப் பெட்டிகளைத் திறந்து, உள்ளவற்றைப் படியெடுக்க இசைவளித்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள் வரும் விடுமுறையிலேயே ஓர் ஆய்வேட்டையும் ஓர் ஒலிநாடாவையும் எடுத்துப் பணியைத் தொடங்கலாம். எட்டுப் பாடல்களோடு எஞ்சிய பல்சந்தமாலையின் நிலை, நம் காலத்து ஏடுகளுக்கு நேராதிருக்க இதுவே வழியாகும்.